எடை பார்த்துக் கொடுத்த உதவி

அரசு தன் மக்களுக்குக் கைகொடுக்கும்போது எவ்வளவு கொடுத்தது என்று கேட்பதே நம் வழக்கம். எதைக்கொண்டு அளந்து கொடுத்தது என்று கேட்பவர் சிலரே. தலைக்கு இவ்வளவு என்று அளக்கலாம். ஏக்கருக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்றும் அளக்கலாம். மூன்றுமே உதவிதான். எனினும் ஒவ்வோர் அளவுகோலும் தனக்கென ஒரு நீதியைச் சுமந்து வருகிறது. தலையை எண்ணினால் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே பங்கு கிடைக்கும். மூட்டையை எண்ணினால் களம் பெரிதாக உள்ளவர் வீட்டுக்கே பெரும்பங்கு போய்ச் சேரும். உதவுகிறவரின் உள்ளம் எவ்வளவு நல்லதாயினும், அவர் கையில் பிடித்திருக்கும் அளவுகோல் தன் வேலையைச் செய்தே தீரும்.

இவ்வுண்மையை நெடுங்காலம் தொடர்ந்து காண ஏற்ற ஓரிடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். அங்குள்ள கறவைமாட்டு உழவர்களுக்கு 1930களிலிருந்து இன்றுவரை அந்நாட்டு நடுவண் அரசு ஏதேனும் ஒரு வடிவில் உதவி வழங்கி வந்துள்ளது. அம்மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள கிளார்க் கவுண்டியை நாம் எடுத்துக்கொள்வோம். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. ஆனால் மக்கள்தொகையில் நம் வட்டம் ஒன்றைவிடவும் சிறியது.

பிளாக் ஆற்றங்கரையை ஒட்டிய அந்நிலம் முன்னர் ஓங்கி வளர்ந்த வெள்ளைப் பைன் மரக்காடாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவாணிகர் காட்டை வெட்டித் தீர்த்தனர். எஞ்சிய அடிக்கட்டைகளுக்கு நடுவே ஜெர்மானியரும், அவர்களுக்குப் பின் ஸ்லோவேனியர் முதலான பிறரும் குடியேறினர். மாநிலத்தின் பழைய கோதுமை வயல்களை மண்ணின் சோர்வும் பூச்சியும் ஏற்கெனவே வீழ்த்தியிருந்தன. அக்காலத்தில் கோதுமையை விட்டுக் கறவைக்கு மாறுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவர் வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்டு. 1885இல் கறவைத் தொழிலுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியவர் அவர். 1889இல் மாநில ஆளுநராகவும் ஆனார். அதே 1885ஆம் ஆண்டில், கிளார்க் கவுண்டியின் எல்லையில் உள்ள கோல்பி என்னும் சிற்றூரில், அவ்வூர்ப் பெயரையே தாங்கிய புதுவகைப் பாலாடைக்கட்டி பிறந்தது.

1890இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் பாலின் கொழுப்பை எளிதில் அளக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதுவரை தண்ணீர் கலந்து கொடுத்தவருக்கும் கெட்டிப்பால் கொடுத்தவருக்கும் தொழிற்சாலை ஒரே விலை கொடுத்தது. இனி ஏமாற்றுக்கு இடமில்லை. நேர்மையானவருக்கு நேர்மையான கூலி கிடைக்கச் செய்த அளவுகோல் அது. பாலின் வரலாற்றில் அளவுகோலொன்று எளியவர் பக்கம் நின்ற இந்நிகழ்ச்சியை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பாலுக்கென ஓர் இயல்புண்டு. கோதுமையைக் களஞ்சியத்தில் இட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். பால் காத்திருக்காது. பசுவை நாளுக்கு இருமுறை கறந்தாக வேண்டும். கறந்த பாலைக் கெடுமுன் விற்றாக வேண்டும். ஆகவே வாங்குகிறவரிடம் பேரம் பேச உழவருக்கு வலுவில்லை. பெரும் பொருளாதார மந்தத்தின்போது இவ்வலுவின்மை வெளிச்சத்துக்கு வந்தது. 1933ஆம் ஆண்டில் பிப்ரவரியிலும், மே மாதத்திலும், அக்டோபர்–நவம்பரிலுமாக மூன்று முறை விஸ்கான்சின் உழவர்கள் பால் வேலைநிறுத்தம் செய்தனர். சாலைகளை மறித்தனர்; லாரிகளிலிருந்த கேன்களைக் கவிழ்த்துப் பாலைத் தரையில் கொட்டினர். மே மாதத்தில் மாநிலக் காவற்படை கண்ணீர்ப்புகையும் துப்பாக்கிச் சனியனுமாக இறங்கியது. உயிர்களும் பலியாயின. தன் உழைப்பின் பயனைத் தானே தெருவில் ஊற்றும் நிலைக்கு உழவர் தள்ளப்பட்டதைக் கண்டு நாடு அதிர்ந்தது.

அரசின் கை நீண்டது அவ்வாண்டில்தான். 1933ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டத்தின் கீழ், உதவியை நடத்திச் செல்ல உழவர்களே உறுப்பினராக அமர்ந்த குழுக்கள் கவுண்டிதோறும் தோன்றின. 1937இல் பால் சந்தை ஆணைகளுக்கான சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் பாலுக்கு நிலையான ஆதரவு விலையை உறுதி செய்தது. 1910 முதல் 1914 வரையான ஆண்டுகளில் உழவர் விற்ற பொருளின் விலைக்கும், அவர் வாங்கிய பொருள்களின் விலைக்கும் இடையே ஒரு நேர்மையான சமநிலை இருந்ததாகக் கொண்டு, அச்சமநிலையில் 75 முதல் 90 விழுக்காடு வரை உழவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. வாழ்க்கைச் செலவோடு விலையை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஓர் அறவுணர்வு இருந்ததை நாம் மறுக்க முடியாது.

ஆனால் அதனைச் செயற்படுத்திய வழி வேறு. அரசு உழவர் வீட்டு வாசலுக்கு வந்து பணம் கொடுக்கவில்லை. சந்தை விலை தாழும்போது வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் ஆகிய மூன்றையும் குறித்த விலைக்குத் தொழிற்சாலைகளிடமிருந்து அரசு நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதனால் பாலின் விலை தாங்கி நின்றது. இதன் பொருள் என்ன? உதவி பாலில் ஏறி, எடையாக, உழவரிடம் வந்தது. பத்துப் பசு வைத்திருந்தவருக்குப் பத்துப் பசுவின் உதவி. நூறு வைத்திருந்தவருக்கு நூறு பசுவின் உதவி. அன்று பெரும்பாலான தொழுவங்கள் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருந்ததால், இதிலிருந்த விரிசல் யார் கண்ணிலும் படவில்லை.

அன்றே கண்ணில் பட்ட குறை மற்றொன்று. சந்தை ஆணைகளின்படி, நேரே குடிப்பதற்கான பாலுக்குரிய குறைந்தபட்ச விலை விஸ்கான்சினின் ஓ கிளேர் நகரிலிருந்து தொலைவு கூடக் கூட உயர்ந்தது. பால் மிகுந்த இடத்திலிருந்து பால் குறைந்த இடத்துக்குக் கொண்டுசெல்லும் செலவை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. ஓ கிளேர் கவுண்டியோ கிளார்க் கவுண்டிக்கு மேற்கே அடுத்திருப்பது. அளவுநூலின் தொடக்கப்புள்ளியருகே பிறந்ததே குறையாகிவிட்டது என்று அவ்வட்டாரத்து உழவர்கள் பல்லாண்டு முறையிட்டனர்.

அரசு வாங்கிக் குவித்த பவுடர் எங்கே போயிற்று என்பதில் நமக்கும் பங்குண்டு. அம்மிகைச் சரக்கு, கத்தோலிக்கத் துயர்துடைப்புப் பணியகம், கேர் போன்ற அறநிறுவனங்கள் வழியாகக் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றது. 1950களிலும் 1960களிலும் நம் தமிழகத்துப் பங்குகளிலும் பள்ளிகளிலும் பெரிய அண்டாக்களில் கரைத்து ஊற்றிய அமெரிக்கப் பால்பவுடரைப் பற்றி நம் மூத்தோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பசித்த பிள்ளைகள் அதனைக் குடித்தார்கள், அது நன்மையே. எனினும் அந்தப் பால் நம் பசியை எண்ணிக் கறக்கப்பட்டதன்று. ஓரிடத்தில் விலையைத் தாங்குவதற்காக வாங்கப்பட்டு, வைக்க இடமின்றி, இரக்கத்தின் கைகளில் ஒப்படைக்கப்பட்டது. மிகையும் இரக்கமும் ஒரே கப்பலில் பயணம் செய்ய முடியும் என்பதை அது காட்டுகிறது.

காலப்போக்கில் கப்பல்களும் போதவில்லை. 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஆதரவு விலையின் அடிமட்டத்தைச் சமநிலையின் 80 விழுக்காடாக உயர்த்தியது; ஆண்டுக்கு இருமுறை அதனைத் திருத்தவும் வகை செய்தது. விலை ஏறிற்று, விலையைப் பின்தொடர்ந்து பாலும் பெருகிற்று. மிசூரி மாநிலத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பாலாடைக்கட்டி மலையாகக் குவிந்தது. 1981 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ரீகன் 3 கோடி பவுண்டு பாலாடைக்கட்டியை ஏழைகளுக்கு வழங்க ஆணையிட்டார். 1983இல் இவ்வாதரவுக்கான செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது. அரை நூற்றாண்டுக்கு முன் பாலைத் தெருவில் கொட்டியதைப் பொறாத நாடு, இப்போது அதனைக் கட்டியாக்கி மண்ணுக்கடியில் வைத்துக் காத்தது.

பின் அளவுகோல் தலைகீழானது. 1984 ஜனவரி முதல் 1985 மார்ச் வரை, கறக்காமல் குறைத்த பாலுக்கு நூறு பவுண்டுக்கு 10 டாலர் வீதம் அரசு கொடுத்தது. அதுவும் போதாமல், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முழு மந்தையையும் விலைக்கு வாங்கும் திட்டம் 1986இல் வந்தது. தொழிலை விட்டுவிட எவ்வளவு கேட்கிறீர்கள் என்று உழவரிடம் ஏலம் கேட்டார்கள். ஏறத்தாழ 14,000 பேரின் கேள்வி ஏற்கப்பட்டது. பசு, கிடாரி, கன்று எனச் சுமார் 15 இலட்சம் உயிர்கள் இறைச்சிக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பப்பட்டன. ஐந்தாண்டுக் காலம் கறவைத் தொழிலுக்குத் திரும்புவதில்லை என்று உழவர் கையெழுத்திட்டார்.

அத்திட்டத்தில் ஒரு சிறு விதி இருந்தது. விலைக்கு வாங்கிய மாடு மீண்டும் வேறொரு தொழுவத்துக்குள் நுழைந்துவிடாதிருக்க, அதன் வலத்தாடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பெருக்கல் குறி ஒன்றைச் சுட வேண்டும் என்பதே அது. பெயர் சொல்லி அழைத்து வளர்த்த பசுவின் முகத்தில் சூடு போடப் பல உழவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் உயிரின நலச் சங்கம் ஒன்று வழக்குத் தொடர, 1986 ஏப்ரலில் நடுவண் நீதிமன்றம் அம்முறையைத் தடுத்தது. குளிரூட்டிய இரும்பால் வலி குறைவாகக் குறியிடும் முறை இடம்பெற்றது. கோடிக்கணக்கான டாலர் புழங்கிய திட்டத்தில் ஒரு விலங்கின் தாடைக்காக நீதிமன்றம் நின்று கேட்டது. தொழுவத்தைப் பூட்டிய குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க அத்தகைய மன்றமொன்று அமையவில்லை.

இவ்வளவுக்குப் பின் 2002இல் ஒரு புதிய எண்ணம் தோன்றியது. அவ்வாண்டு வேளாண் சட்டம் பால் வருமான இழப்பு ஒப்பந்தம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இம்முறை அரசு சரக்கை வாங்கவில்லை. கவுண்டி அலுவலகத்தின் வழியே உழவர் கையில் நேரே பணம் கொடுத்தது. ஏறத்தாழ ஆயிரம் மைல் தொலைவிலுள்ள பாஸ்டன் நகரின் குடிபால் விலை நூறு பவுண்டுக்கு 16.94 டாலருக்குக் கீழே இறங்கினால், குறைந்த தொகையில் 45 விழுக்காட்டை அரசு ஈடுசெய்யும். ஆனால் ஒரு வரம்பு உண்டு: ஒரு பண்ணைக்கு ஆண்டுக்கு 24 இலட்சம் பவுண்டு பால் வரைதான். அதாவது ஏறத்தாழ 120, 130 பசுக்களின் பால். விஸ்கான்சினின் சிறு தொழுவங்கள் இதனுள் அடங்கின. இத்திட்டத்தில் மிகுதியான பணம் பெற்ற மாநிலமும் அதுவே.

இந்த வரம்பின் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். பாஸ்டன் விலை ஆண்டு முழுவதும் 13.94 டாலர் எனக் கொள்வோம். குறைவு 3 டாலர், உதவி 1.35 டாலர். ஒரு பசு ஆண்டுக்கு 18,000 பவுண்டு கறந்தால், 60 பசு உள்ள குடும்பம் 14,580 டாலர் பெறும். 1,000 பசு உள்ள பண்ணை, வரம்பில்லையென்றால் 2,43,000 டாலர் பெற்றிருக்கும். வரம்பினால் 32,400 டாலரோடு நின்றுவிடும். பசு ஒன்றுக்கு முன்னவர் பெற்றது 243 டாலர். பின்னவர் பெற்றது 32 டாலர் சொச்சம். பாலை எடைபோடும் தராசின் மேல், ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியைச் சட்டம் வைத்தது. பெரும்பண்ணைகள் மிகுந்த மாநிலங்கள் இதனை எதிர்த்ததில் வியப்பில்லை.

ஆயினும் வரம்பு கட்டியதால் மட்டும் வெள்ளம் நிற்கவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பைச் சற்றே உயர்த்தி, தீவன விலையையும் கணக்கில் சேர்த்தது. 2009இல் பால் விலை சரிய, மேலும் 35 கோடி டாலரை அரசு ஒதுக்கியது. 2014இல் திட்டம் காப்பீட்டு வடிவம் பெற்றது. பால் விலைக்கும் தீவனச் செலவுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால், முன்கூட்டியே சந்தா கட்டியவருக்கு இழப்பீடு என்பது அதன் முறை. தொடக்க ஆண்டுகளில் கட்டிய பணத்தில் மிகச் சிறு பகுதியே உழவருக்குத் திரும்பியது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் செம்மைப்படுத்தி, முதல் 50 இலட்சம் பவுண்டு பாலுக்குக் குறைந்த சந்தாவில் நல்ல பாதுகாப்பு அளித்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவை 60 இலட்சமாக உயர்த்தியது. குடும்பப் பண்ணை என்று சட்டம் கருதும் அளவு, கால் நூற்றாண்டுக்குள் இரண்டரை மடங்காக வளர்ந்துவிட்டதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

இனி விளைவைப் பார்ப்போம். 2004இல் விஸ்கான்சினில் உரிமம் பெற்ற கறவை மந்தைகள் 15,000க்கும் மேல் இருந்தன. 2024இல் அவை 6,000க்கும் குறைவு. 2019ஆம் ஆண்டில் மட்டும் 800க்கும் மேற்பட்ட மந்தைகள் மறைந்தன. அதே வேளையில் மாநிலத்தின் பால் 2004இல் சுமார் 2,200 கோடி பவுண்டாக இருந்து, 2023இல் சுமார் 3,200 கோடியாக உயர்ந்தது. பால் குறையவில்லை, பால் கறந்த வீடுகளே குறைந்தன. கிளார்க் கவுண்டியின் தலைநகரான நீல்ஸ்வில்லில் பேசும் பசுவின் பெருஞ்சிலை ஒன்றை நிறுவினார்கள். உயிருள்ள பசுக்களின் குரல் கேட்ட தொழுவங்கள் பலவும் மெல்ல மௌனமாயின.

இப்பழி முழுவதையும் உதவித்தொகையின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. 1950இல் அமெரிக்கப் பசு ஒன்று ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 5,300 பவுண்டு கறந்தது. 2020இல் 23,700 பவுண்டுக்கும் மேல் கறந்தது. கேனுக்குப் பதில் குளிரூட்டும் பெருந்தொட்டி வந்தபோது, அதனை வாங்க இயலாதவர் விலகினர். ஆயிரம் பசுவின் செலவைப் பகிர்ந்தால் ஒரு பவுண்டுக்கு விழும் பங்கு குறைவு. இத்தனை விசைகளுக்கு எதிரே உதவி ஓர் அணையாக நின்றதும் உண்மை. அது வாங்கிக் கொடுத்தது காலம். அந்தக் காலத்துக்குள் கடன் ஓரளவு தீர்ந்திருக்கும்; பிள்ளைகளின் படிப்பு முடிந்திருக்கும்; முதியவர் ஒருவர் தன் மாடுகளை ஏலம் போடாமல், நாள் பார்த்து, விலை பேசி விற்றிருப்பார். இதனைச் சிறிதென்று எண்ணலாகாது.

அக்கவுண்டியிலேயே வேறொரு வழியில் நடந்தவர்களும் உண்டு. அங்கு வாழும் அமிஷ் மக்கள் தம் சமயக் கொள்கையின்படி, பொதுவாக அரசின் உதவித்தொகையை ஏற்பதில்லை. சிறு தொழுவம், குதிரை, கேன்களில் பாலாடைக்கட்டி ஆலைக்குச் செல்லும் பால், இடர் வந்தால் அயலார் கூடி உதவுதல் என்பதே அவர்களது முறை. அவர்களும் விலைச்சரிவுக்குத் தப்பியவரல்லர். தச்சும் பட்டறைத் தொழிலும் கலந்தே பலர் பிழைக்கின்றனர். ஆனால் அவர்களது உதவிக்கு அளவுகோல் பால் அன்று. எரிந்த தொழுவத்தை எழுப்ப வரும் அயலார், அவ்வீட்டில் எத்தனை பவுண்டு கறந்தது என்று கேட்டு வருவதில்லை.

உழவுக் குடும்பத்தில் பிறந்த திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான், 1961இல் வெளியிட்ட தம் சமூகச் சுற்றுமடலில் வேளாண்மைக்குத் தனி இடம் அளித்தார். உணவு எல்லார்க்கும் எட்டும் விலையில் இருக்க வேண்டும்; ஆனால் அதனைக் காரணமாக்கி, உணவை விளைவிப்போரைத் தாழ்ந்த நிலையிலேயே வைத்திருப்பது நீதியன்று என்பது அவர் கருத்து. விலைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்ன அவரே, குடும்பம் நடத்தும் பண்ணை தழைக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டையும் ஒருங்கே காப்பது எளிதன்று என்பதைத்தான் விஸ்கான்சின் நமக்குக் கற்பிக்கிறது. விலையைக் காத்தார்கள், பால் பெருகியது. மிகையைக் குறைத்தார்கள், தொழுவங்கள் மூடின. வரம்பு கட்டினார்கள், வரம்பே வளர்ந்தது.

பாப்காக்கின் கருவி பாலில் உள்ள கொழுப்பைக் காட்டியது. அதனைக் கறந்த கைகளைக் காட்டும் கருவியை எவரும் செய்து தரப்போவதில்லை. அதனைச் சட்டம் இயற்றுவோரின் கண்களே செய்தாக வேண்டும். உதவி செய்ய முனையும் எந்த அரசும், ஏன், எந்த அறநிலையமும் பங்கும்கூட, பணத்தை எண்ணுவதற்கு முன் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றே: நாம் காக்க விரும்புவது பொருளையா, அப்பொருளால் வாழும் வீட்டையா? வீட்டை என்றால், வீட்டை எண்ணியே கொடுக்க வேண்டும். பாலை எண்ணிக் கொடுத்தால், பால்தான் மிஞ்சும்.